செஞ்சிக்கு முதல் தேவை குழாயும் சோப்பும்

செஞ்சிக் கோட்டை என்றால் தேசிங்கு ராஜனும் அவன் பாராசாரிக் குதிரையும்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். மொகலாயர் எட்டு ஆண்டு முற்றுகையிட்ட கதையை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தக் கோட்டையில் காய்ச்சல் செய்த வேலையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தது. 1761 ஏப்ரலில் அது ஆங்கிலேயக் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்தின் கைக்குப் போனது. இடையில் இருந்த பத்து ஆண்டுகளில் பெரும்பாலும் 100 ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வைத்ததே இல்லை. அப்படியிருந்தும் 1,200 பேரை நோய்க்குப் பறிகொடுத்தார்கள் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார். செத்தவர்களுக்குப் பதிலாக ஆள் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முற்றுகையிட்ட ஆங்கிலேயர் பக்கத்திலும் 300 சிப்பாய்கள் நோயில் மாண்டார்கள். ஆற்காட்டுச் சீமை முழுவதிலும் உடம்புக்கு ஆகாத ஊர் என்று செஞ்சிக்குப் பெயர் விழுந்தது.

காற்றுதான் கெட்டது என்று அவர்கள் நம்பினார்கள். மலேரியாக் கிருமியை நோயாளியின் இரத்தத்தில் லாவரன் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் கண்டது 1880இல், அல்ஜீரியாவில். அதே கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் கண்டது 1897இல், செகந்திராபாத்தில். மூன்று மலை, அகழி, குளங்கள், மழை நின்ற பிறகும் வற்றாத பாறைக்குழிகள் என்று இருந்த இடத்தில் அந்தச் சிப்பாய்களை வாரிக்கொண்டு போனது பெரும்பாலும் மலேரியாக் காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காரணம் தெரியாமல் செத்தார்கள் அவர்கள். நமக்குக் காரணம் தெரியும், தடுக்கும் வழியும் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செஞ்சி வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் பேருந்து நிலையத்தில் நின்றால் யாராவது ஒருவர் "நர்சம்மா, நல்லாருக்கீங்களா?" என்று கேட்பார். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்த காலம் முழுக்க என் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் "கையைக் கழுவுங்க" என்பதாகத்தான் இருக்கும். அதைச் சொன்ன இடங்களில் பாதிக்கு மேல் குழாய் இருக்காது. குழாய் இருந்தால் சோப்பு இருக்காது. மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று மேடைகளில் இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மக்களுக்கு நன்றாகவே தெரியும். கிணற்றடியில் மண்ணையும் சாம்பலையும் போட்டுக் கை தேய்த்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் இவர்கள். கழுவ வேண்டிய இடத்தில் கழுவ வசதி இல்லை என்பதுதான் உண்மை. கை சுத்தத்தைத் தனி மனிதரின் ஒழுக்கமாக மட்டும் பேசிப் பேசி, அது ஊர் செய்து தர வேண்டிய ஏற்பாடு என்பதை விட்டுவிட்டோம்.

2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மராத்தியர் காலத்துக் கோட்டைகள் என்று சேர்க்கப்பட்ட 12இல் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். பெருமையாக இருக்கிறது. இனி கூட்டம் பெருகும். விளக்கு வேண்டும், பெயர்ப் பலகை வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ராஜகிரி மலை அடிவாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஏறத்தாழ 800 அடி உயரத்துக்குப் படி, பாறை, பக்கத்தில் வருபவரின் தோள் என்று எதையெல்லாமோ பிடித்து ஏறி இறங்கிய குடும்பம் மரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறது. குடிக்க வைத்திருந்த பாட்டிலில் மிச்சம் இருக்கும் தண்ணீரை அப்பா ஒவ்வொரு பிள்ளையின் விரல் நுனியிலும் கொஞ்சம் ஊற்றுகிறார். கழுவியாயிற்று. அந்த அப்பாவுக்கு என்ன பாடம் எடுப்பது? இருந்த தண்ணீரில் அவர் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டார்.

கோட்டையைக் கட்டியவர்கள் தண்ணீரைக் கடைசியில் யோசிக்கவில்லை. கல்யாண மஹாலின் மேல்மாடி வரைக்கும் தொலைவில் இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண்குழாய் வைத்துத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். சக்கரைக்குளம், செட்டிக்குளம், ஆனைக்குளம் என்று மதிலுக்கு எவ்வளவு உழைத்தார்களோ அவ்வளவு குளத்துக்கும் உழைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தைப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு அடிவாரத்தில் பத்துக் குழாயும் சோப்பும் வைப்பது இந்தக் காலத்தில் நமக்கு முடியாத காரியமா?

கோட்டையை விடுங்கள். அது விடுமுறைக் கூட்டம். வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்கு வாருங்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் விடியும் முன்னே வண்டிகள் வந்துவிடும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரங்களில் கால் வைக்க இடம் இருக்காது. ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்க்க வேண்டும், இடுப்பை அமுக்கிக் கறி பார்க்க வேண்டும், தூக்கி எடை பார்க்க வேண்டும். புழுக்கையும் மூத்திரமும் படாமல் இதைச் செய்ய முடியாது. பேரம் முடிந்தால் எச்சில் தொட்டுப் பணம் எண்ணுவார்கள். உடனே டீக்கடை. அதே கை வடையை எடுக்கும். கூட வந்த பேரனுக்கு அதே கை ஒரு துண்டு பிட்டுக் கொடுக்கும்.

ஆட்டுச் சாணத்தில் வரும் கிருமிகளால் பெரியவருக்கு ஒரு நாள் வயிற்று வலியோடு போய்விடலாம். அந்தப் பேரனுக்குப் போகாது. இரண்டே நாளில் கண் குழி விழுந்து கிடப்பான். குட்டி போட்ட ஆட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் போடுகிறவர்களுக்குப் புருசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் வரலாம். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, ராத்திரியில் வியர்வை என்று மாதக் கணக்கில் இழுக்கும். ஆடு வளர்ப்பவர் என்பதை மருத்துவரிடம் சொன்னால்தான் அவருக்கு அந்தச் சந்தேகமே வரும், சொல்ல மறந்துவிடாதீர்கள்.

சோப்பால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குக் கராச்சியைச் சொல்வேன். அந்த நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் சில வீடுகளுக்குச் சோப்பு கொடுத்து, வாரா வாரம் போய்க் கை கழுவும் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். மற்ற வீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. சோப்பு கிடைத்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்திருந்தது. வயிற்றுப்போக்கும் ஏறத்தாழ பாதிதான். கிருமிநாசினி கலந்த சோப்புக்கும் சாதாரண சோப்புக்கும் பலனில் வித்தியாசமே இல்லை. விளம்பரம் பார்த்து விலை கூடிய சோப்பு வாங்க வேண்டாம் என்று தாய்மார்களிடம் நான் சொல்லி வந்ததற்கு அது பெரிய பலமாக இருந்தது. சோப்பின் வேலை அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் அவற்றோடு கிருமியையும் தோலிலிருந்து பிரிப்பது. ஓடும் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போகிறது. இருபது விநாடி தேய்க்க வேண்டும், விரல் இடுக்கும் நகக்கண்ணும் சேர்த்து. அவ்வளவுதான்.

கையுறை மாட்டிக்கொண்டால் சுத்தம் என்று உணவகங்களில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. அதே கையுறையோடு பணம் வாங்கி, மேசை துடைத்து, பரோட்டாவையும் எடுத்து வைக்கிறார்கள். கையுறை கழுவப்படுவதே இல்லை. அதைவிடச் சோப்புப் போட்டுக் கழுவிய வெறுங்கை எவ்வளவோ மேல்.

கைக்கு அடுத்தது குடிதண்ணீர். இதில் ஊருக்கு ஊர் நான் பார்த்த ஒரு சங்கடம் உண்டு. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவது தொட்டி இயக்குபவரின் வேலை. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீந்திருக்க வேண்டும். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரினைச் சோதிக்கும் ஓ.டி. கரைசலைச் சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். மஞ்சள் வந்தால் நிம்மதி. வராவிட்டால் அன்றைக்கு வீடு வீடாகப் போய்க் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்ல வேண்டும். பவுடரைச் சரியாகப் போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? "தண்ணில மருந்து வாடை அடிக்குது, டீ போட்டா வாயில வைக்க முடியல" என்று நாலு பேர் போய்த் தொட்டிக்காரரோடு சண்டை போடுவார்கள். குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் மனிதர் அவர். ஊர்ப் பகை எதற்கு என்று அளவைக் குறைத்துவிடுவார். முதலில் அடி வாங்குவது குழாயின் கடைசியில் இருக்கும் தெரு. பல ஊர்களில் அது காலனி.

ஏன் கடைசித் தெரு? குளோரின் வழியெல்லாம் செலவாகிக்கொண்டே போகும். கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர்க் குழாய்களில் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. விட்டு நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, விரிசல் இருக்கும் இடத்தில் வெளியே தேங்கிய சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை முதல் குடத்தில் அதுதான் வரும். அந்த நேரத்தில் நம்மைக் காப்பது மீதமிருக்கும் குளோரின் மட்டும்தான். ஆகவே லேசான மருந்து வாடை இருந்தால் கோபப்படாதீர்கள். பிடித்து ஒரு மணி நேரம் அகன்ற பாத்திரத்தில் வைத்தால் வாடை போய்விடும். தொட்டிக்காரரோடு சண்டை போட வேண்டிய நாள் வாடையே இல்லாத நாள்தான்.

1992இன் கடைசியில் சென்னையில் ஓ-139 என்ற புது வகைக் காலரா தலைகாட்டி, மதுரை, வேலூர் என்று தெரிந்து, பிறகு வங்காளம் வரை பரவியதை இந்தத் துறையில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன் காலராவுக்குப் பழகியிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை. வீட்டில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் சோற்றையும் தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில், நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹாலநாபிஸ் இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துத்தான் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் பதினான்கு நாள் முடியும் வரை கொடுக்க வேண்டும். பாதியில் நிறுத்தும் தாய்மார்களிடம் நான் கோபித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதும் அதையே சொல்வேன்.

கொசுவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. டெங்குக் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும் என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். பலருக்குத் தெரியாதது, முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக் கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் உயிர் பிடிக்கும் என்பதுதான். டிரம்மைக் கவிழ்த்துவிட்டால் போதாது. உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படியொரு வெள்ளத்துக்குப் பிறகு வெடித்த பாதத்தோடு சேற்றில் இறங்குகிறவருக்கு எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு உண்டு. காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை வலித்தால் மருந்துக்கடையில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

2020ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாக விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் கொரோனா எப்படிப் பரவியது! சந்தை என்பது சரக்கு மட்டும் கைமாறும் இடம் இல்லை என்று அப்போது அரசாங்கத்துக்கும் தெரிந்தது, நமக்கும் தெரிந்தது. பெட்டிக்கடை வாசலில்கூடக் குழாய் வைத்த டிரம்மும் சோப்பும் வந்தன. காலால் மிதித்தால் தண்ணீர் வரும்படி செய்து வைத்தார்கள் நம் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர்கள். யாரும் பாடம் நடத்தாமலேயே மக்கள் வரிசையில் நின்று கை கழுவினார்கள். வசதி இருந்தால் நம் ஜனங்கள் செய்வார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பயம் தெளிந்ததும் டிரம்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. என் மனதை மிகவும் வருத்திய விஷயம் இது. கையில் கிடைத்த நல்ல ஏற்பாட்டை நாமே கலைத்துவிட்டோம்.

சுத்தத்தைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பார்த்த வேலைக்கே துரோகம். தீட்டு என்று மனிதரை ஒதுக்குவதையும் சுத்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியவர்கள் நாம். காலனிக்காரருக்குத் தனிக் குவளை வைத்த கடையில் எல்லாக் குவளையும் ஒரே வாளித் தண்ணீரில்தான் முங்கி எழுந்தன. கிருமிக்குச் சாதி தெரியாது. இன்றைக்கும் சாக்கடையைத் தூர்வாரும் தூய்மைப் பணியாளர் காலை டிபனுக்கு உட்காரும்போது எங்கே கை கழுவுகிறார் என்று கவனித்ததுண்டா? டீக்கடைக் குழாயைத் திறக்கப் போனால் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டால் எட்ட நின்று ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஊரிலேயே சோப்பும் தண்ணீரும் முதலில் கிடைக்க வேண்டியது அந்தக் கைகளுக்குத்தான். பேருந்து நிலையத்தில் பூவும் காயும் விற்கும் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்திருப்பதும், நீர்க்கடுப்போடு என்னிடம் வருவதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். சுகாதாரம் பேசும் ஊர் இவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்கெல்லாம் புதிதாகச் சட்டம் வேண்டியதில்லை. 1939இலேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் அதுதான் முதல். திருவிழாக் கூட்டங்களுக்குச் சுகாதார ஏற்பாடு செய்வதற்கென்றே அதில் தனி அத்தியாயம் இருக்கிறது. அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சலைப் பார்க்கச் செஞ்சி வழியாகப் போகும் பெருங்கூட்டத்துக்கும், வெள்ளிக்கிழமைச் சந்தைக்கும், இனி கோட்டைக்கு வரப்போகும் வெளிநாட்டவருக்கும் அதே நியாயம்தான்.

செலவும் பெரிதில்லை. பழைய பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் துளை போட்டு, சோப்புத் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டால் போதும். சோப்புக் கட்டி திருட்டுப் போகிறது என்ற புகாரும் இருக்காது. பள்ளிகளில் சத்துணவு வரிசைக்கு முன்னால் இதைக் கட்டிவிட்டால் பிள்ளைகள் தாங்களாகவே போய்க் கழுவுவார்கள். பாட்டிலை நிரப்புவதும் குழாயைப் பழுது பார்ப்பதும் ஒருவருடைய வேலை என்று எழுதி வைக்க வேண்டும், அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். தொடக்க விழா நடத்திவிட்டுப் போன கைகழுவும் தொட்டிகள் பல, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல்தான் பாழாயின.

நம் ஊர்களில் வாரச் சந்தைகளை ஆண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிகள் ஏலம் விடுகின்றன. ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும்: சந்தை நடக்கும் நாளெல்லாம் ஓடும் தண்ணீரோடு குழாய்கள், சோப்பு, பெண்களுக்குத் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை ஆகியவை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாரத்துக்கு அபராதம். செஞ்சியாக இருந்தாலும் வேறு எந்த ஊராக இருந்தாலும், அடுத்த ஏலத்துக்கு முன்பு உங்கள் வார்டு உறுப்பினரைப் பார்த்து இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.